பன்னிரண்டாவது நாற்காலியில் குருசம்மா

உவர்க்குடியில் குருசம்மாவின் கால் நனைந்து, அப்புறம் காயவே காயாமல் போனது ஈஸ்டருக்கு முந்தின ஒரு பெரிய வியாழக்கிழமைப் பூசையில். அந்தக் கதையைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் அந்த ஊர்க் கோயிலில் வரிசையாகப் போடுகிற பன்னிரண்டு நாற்காலிகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதை விட்டுவிட்டுத் தண்ணீரை மட்டும் சொன்னால், கேட்கிறவர்கள் இதை ஏதோ புதுமை, அற்புதம் என்று நினைத்து நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டு எழுந்து போய்விடுவார்கள், போனவர்களைத் திரும்பக் கூப்பிட்டு உட்கார வைக்க நமக்குத் தெம்பு கிடையாது.

வருஷா வருஷம் அன்றைக்குச் சாயங்காலம், ஆண்டவர் தம் சீடர்களுக்குச் செய்ததுபோல, சாமியார் முழங்காலிட்டுப் பன்னிரண்டு பேருடைய காலைக் கழுவி, துடைத்து, முத்தம் கொடுப்பார். எல்லா ஊரிலும் நடக்கிறதுதான். ஆனால் உவர்க்குடியில் ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் ஒரு சீடர் பெயரைச் சிவப்புக் காகிதத்தில் எழுதி ஒட்டுவார்கள், ஒட்டிய நாளிலிருந்து சண்டைதான்: முதல் நாற்காலியைத் தெற்குத் தெருக்காரர்கள் மூன்று தலைமுறையாக வெளியே விட்டதில்லை, இரண்டாவது நாற்காலிக்காக ஒரு வயிற்றில் பிறந்த அண்ணன் தம்பி ஒன்பது வருஷம் பேசாமல் இருந்து, அண்ணன் செத்த பிறகுதான் தம்பி வாயைத் திறந்தான், அதுவும் இனி நாற்காலி யாருக்கு என்று கேட்கத்தான். தாழ்மையைக் காட்டுகிற சடங்கில் ஏனய்யா இப்படி அடித்துக்கொள்கிறீர்கள் என்று எந்தச் சாமியாராவது கேட்டால், "அது எங்க ஊர் வழக்கம் சாமி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள்.

பன்னிரண்டாவது நாற்காலிக்கு மட்டும் சண்டை கிடையாது. அது ஆண்டவரைக் காட்டிக்கொடுத்தவனுடைய இடம். அவன் பெயரை அந்த ஊரில் யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள், 'அந்த ஆள்' என்பார்கள், அவ்வளவுதான். அவனுக்குப் பதிலாகப் பிற்பாடு சேர்ந்த சீடரின் பெயரைத்தான், சாமியாருக்கு ஒத்தாசையாகக் கோயில் வேலை பார்க்கிற உபதேசியார் அதில் ஒட்டுவார், ஆனாலும் காகிதத்துக்கு ஏமாறுகிற ஊரா அது? அதில் உட்கார்ந்தவனுக்கு அந்த வருஷம் விளங்காது என்று ஒரு பேச்சு இருந்ததால், யாராவது ஒரு அசலூர்க்காரனைப் பிடித்து உட்கார வைப்பார்கள். ஒரு வருஷம் புதிதாக வந்த பள்ளிக்கூட வாத்தியார் விவரம் தெரியாமல் சந்தோஷமாக உட்கார்ந்தார், ஒரு வருஷம் மைக்செட்காரன் உட்கார்ந்தான், ஒரு வருஷம் எவனும் அகப்படாமல் சாமியார் வெறும் நாற்காலி முன்னால் முழங்காலிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்து போனார். குருசம்மாவின் கால் நனைந்த வருஷம்தான் ஆள் தேட வேண்டிய வேலையே இல்லாமல் போயிற்று, ஏனென்றால் அது இஞ்ஞாசியின் நாற்காலி என்று ஊரே பேசி வைத்திருந்தது.

இஞ்ஞாசி உப்பு லாரி ஓட்டுகிறவன். பதினாலு மாதத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், உப்பளத்துக் கரையில் அவன் லாரியைப் பின்னால் எடுக்கும்போது, பின்னால் நின்று "வா, வா, இன்னும் வா" என்று கைகாட்டிக்கொண்டிருந்த பிலவேந்திரன் கால் வழுக்கி விழுந்தான், லாரியின் பின்பலகை அவன் தலையில் மோதியது. பிலவேந்திரனுக்கு இருபத்தொரு வயசு. குருசம்மாவுக்கு ஒரே பிள்ளை. புருஷன் மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்து பதினோரு வருஷம், அதற்கப்புறம் வெயிலில் உப்பு வாரி வாரி அவள் நிமிர்த்தி விட்ட பிள்ளை. பெரியாஸ்பத்திரியில் ரெண்டு மாதம் வைத்துப் பார்த்துவிட்டு, இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள், மூக்கில் போட்ட குழாய் வழியாகக் கஞ்சி ஊற்றுங்கள், ரெண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்க வையுங்கள், புண் வந்தால் அது எலும்பைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தொட்டால் பிள்ளை தங்காது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மூச்சு இருந்தது. மற்றது ஒன்றும் இல்லை.

இஞ்ஞாசி குடித்திருந்தான் என்று ஊர் சொன்னது. அவன் குடிக்கவில்லை என்பது குருசம்மாவுக்குத் தெரியும், அரை மணிக்கு முன்னால்தான் அவளுடைய தூக்குச்சட்டியிலிருந்து மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனான். தெரிந்தும் அவள் வாயைத் திறக்கவில்லை, போலீஸ்காரர் கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டாள், அந்தக் குனிவை ஊர் 'ஆமாம்' என்று எடுத்துக்கொண்டது. அப்புறம் இஞ்ஞாசிக்கு லாரி வேலை போயிற்று, டீக்கடையில் தனிக் கிளாஸ்கூட இல்லை, கிளாஸே இல்லை. ஒருவருக்கொருவர் கைகொடுத்துச் சமாதானம் சொல்லுகிற நேரத்தில்கூடப் பூசையில் பக்கத்தில் நிற்கிறவர்கள் அவன் பக்கம் கையை நீட்ட மாட்டார்கள்.

குருசம்மாவுக்கு அழுகை வரவில்லை. முதல் வாரம் வரவில்லை, முதல் மாதம் வரவில்லை, அப்புறம் அதை எதிர்பார்ப்பதையும் அவள் விட்டுவிட்டாள். உடம்பு பாட்டுக்கு எழுந்தது, நடந்தது, விடியுமுன் அளத்துக்குப் போய்ப் பத்து மணி வரை உப்பு வாரியது, வந்து கஞ்சியைக் கரைத்துக் குழாயில் ஊற்றியது. சாப்பிட்டதில் உறைப்பா கரிப்பா என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருந்தாள்: பிள்ளையை வேறு யாரும் தொடக்கூடாது. பக்கத்து வீட்டுச் சவரியாயி எத்தனையோ தடவை வந்து, "நீ அளத்துக்குப் போற நேரத்துல நான் பாத்துக்கிடுதேன்க்கா" என்று கேட்டாள். "என் பிள்ளைய எனக்குப் பாக்கத் தெரியும்" என்று கதவைப் பூட்டிக்கொண்டு போனாள் குருசம்மா. பூட்டின கதவுக்குப் பின்னால் பிள்ளை நாலு மணி நேரம் ஒரே பக்கமாகக் கிடந்தான், இடுப்புக்குக் கீழே ஒரு புண் வந்தது, உள்ளங்கை அகலத்துக்கு ஆயிற்று.

கடவுள் சித்தம் அக்கா, ஏத்துக்கிடணும் என்று வருகிறவர்கள் எல்லாரும் சொன்னார்கள். "ஏத்துக்கிடுதேன். முதல்ல அவன் கண்ணத் தொறக்கட்டும், அப்புறம் ஏத்துக்கிடுதேன்" என்பாள். சிலுவையில் தொங்குகிற பாடுபட்ட சுரூபத்தின் முன்னால் அவள் சொன்ன ஜெபமும் அந்த ஒன்றுதான், பதினாலு மாதமும் அதே ஜெபம்: அவன் கண்ணத் தொறக்க வையி. வேறொன்றும் கேட்கவில்லை, புகழவில்லை, நன்றி சொல்லவில்லை. கதவைத் தட்டுகிறவள் மாதிரி தட்டிக்கொண்டே இருந்தாள்.

பெரிய வியாழனன்று பதினொரு பேரும் வெள்ளை வேட்டியும் துண்டுமாகத் தங்கள் தங்கள் நாற்காலியில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். கடைசித் தூணுக்குப் பக்கத்தில் இஞ்ஞாசி நின்றான், குளித்து, தலை சீவி, துவைத்த வேட்டி கட்டிக்கொண்டு. தொம்மை உபதேசியார் அவனைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். அவன் நாலு எட்டு எடுத்து வைத்தான். பெண்கள் பக்கத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த குருசம்மா சாமியாரின் தோளில் கிடந்த வெள்ளைத் துண்டைப் பார்த்தாள், இஞ்ஞாசியின் காலைப் பார்த்தாள், அந்தக் காலைத் துடைக்கவா, அந்தக் காலுக்கு முத்தமா என்று நினைத்தாள். பதினாலு மாதத்தில் முதல் தடவையாக அவளுக்குள் ஒன்று அசைந்தது, அது வன்மம். எழுந்தாள், விறுவிறுவென்று நடுவழியில் நடந்தாள், இஞ்ஞாசிக்கு ரெண்டு எட்டு முன்னால் போய்ப் பன்னிரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்தக் கோயிலில் பொம்பளை அந்த வரிசையில் உட்கார்ந்ததே கிடையாது, அதிலும் அந்த ஆள் நாற்காலியில். ஊர் வாயைப் பிளந்தது. உபதேசியார் சாமியாரைப் பார்த்தார். சாமியார் சின்ன வயசு, ஊருக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, குருசம்மாவைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "உக்காரட்டும்" என்றார். இஞ்ஞாசி அந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் நின்றான், அப்புறம் திரும்பிப் பின்வாசல் வழியாக வெளியே போனான், யாரும் அவனைக் கவனிக்கவில்லை.

சாமியார் பதினொரு பேர் காலையும் கழுவித் துடைத்து, பன்னிரண்டாவதாக வந்து அவள் காலில் தண்ணீர் ஊற்றினார், துடைத்தார். ஈரம் போகவில்லை. மறுபடி துடைத்தார். துண்டு நனைந்ததே தவிரக் கால் காயவில்லை, உபதேசியார் இன்னொரு துண்டு கொண்டுவந்தார், அப்புறம் பீடத்து அலமாரியிலிருந்து மூன்றாவது துண்டு வந்தது, பாடகர் குழு பாட்டை முடித்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் முதல் அடியிலிருந்து மறுபடி ஆரம்பித்தது. நாலாவது தடவை பாட்டு முடிந்தபோது சாமியார் அப்படியே நனைந்த காலுக்கு முத்தம் கொடுத்துவிட்டு எழுந்தார், பூசை நடக்க வேண்டுமே.

மறுநாள் பெரிய வெள்ளிக்கிழமை என்பதால் ஒருத்தரும் பேசவில்லை. சனிக்கிழமை பேசினார்கள். அதற்குள் குருசம்மாவின் வீட்டுச் சிமெண்டுத் தரையில் தண்ணீர் தேங்கி வாசல்வரை வந்துவிட்டது, பானைதான் ஒழுகுகிறதோ என்று எட்டிப் பார்த்த சவரியாயி குனிந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். "ஏ மக்கா, இது நல்ல தண்ணில்லா!" என்று கத்தினாள். உவர்க்குடியில் கிணறு தோண்டினால் கரிப்பு, அடிகுழாய் போட்டால் கரிப்பு, நாலு நாளைக்கு ஒரு தடவை லாரித் தண்ணீர் வரும், மழைத் தண்ணீரைத் தவிர வேறு நல்ல தண்ணீர் அந்த மண்ணில் வந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. இப்போது வந்தது, குருசம்மாவின் குதிகாலிலிருந்தும் விரலிடுக்கிலிருந்தும், பகலிலும் ராத்திரியிலும், ஒரு மணிக்கு ஒரு குடம் வீதம்.

அவளுக்கு ஆச்சரியமாக இல்லை. கோபம்கூடக் கொஞ்சம் தள்ளி எங்கேயோ நின்றது. கேட்டது ஒன்று, கொடுத்தது ஒன்று என்று மட்டும் நினைத்துக்கொண்டு ஒரு சாக்கை எடுத்துத் தரையில் போட்டாள்.

திங்கட்கிழமை வழக்கம்போல அளத்துக்குப் போனாள். பாத்தியில் காலை வைத்ததும் பூத்திருந்த உப்பு அவள் காலடியில் கரைந்தது, அவள் நடந்த இடமெல்லாம் குழி குழியாகச் சேறு தெரிந்தது, வாரு பலகையை நாலு இழுப்பு இழுப்பதற்குள் அரைப் பாத்தி உப்பு தண்ணீராகிவிட்டது. கங்காணி ஓடி வந்தார். "யக்கா, நீங்க புண்ணியவதிதான், நான் இல்லேங்கல. ஆனா வரப்புக்கு அந்தாலயே நில்லுங்க, உங்களக் கும்பிடுதேன்" என்று நிஜமாகவே கும்பிட்டார். குருசம்மா வாரு பலகையைச் சாய்த்து வைத்துவிட்டு வந்தாள். அன்றோடு அளம் போயிற்று.

ஊர்க் கமிட்டி கூடியது. கோயில் முகப்பில் நிழலில் அவளை உட்கார வைப்பது, காலுக்குக் கீழே கல்யாணத்துக்குச் சோறு வடிக்கிற பெரிய அலுமினியச் சட்டியை வைப்பது, வீட்டுக்கு ஒரு குடம், தெரு முறை வைத்துப் பிடித்துக்கொள்வது, பதிலுக்கு முறைவீட்டார் அவளுக்குச் சாப்பாடு கொடுப்பது, அவள் வீட்டில் இல்லாத நேரத்தில் பிள்ளையைச் சவரியாயி பார்த்துக்கொள்வது. "எம்பிள்ளைய யாரும் தொடக்கூடாது" என்றாள் குருசம்மா. "அப்ப கஞ்சிக்கு என்ன செய்வ?" என்று சவரியாயி மெதுவாகக் கேட்டாள். குருசம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். வீட்டுச் சாவியை எடுத்துக் கொடுத்தாள், மனசு வந்து இல்லை, வேறு வழியில்லாமல்.

அப்படியாக ஊர் அந்தத் தண்ணீருக்குப் பழகியது. முதல் வாரம் தீர்த்தத் தொட்டியில் மட்டும் ஊற்றினார்கள். ரெண்டாம் வாரம் நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். மூன்றாம் வாரம் யாரோ ஒருத்தி துணிந்து அதில் பருப்பு வேகவைத்தாள், அந்த ஊர்த் தண்ணீரில் விறகு தீர்ந்தாலும் வேகாமல் கல்லாக நிற்கிற பருப்பு மூன்றே கொதியில் மலர்ந்துவிட்டது, தெருவே வந்து சட்டியை எட்டிப் பார்த்தது. கால் தண்ணீரில் சோறாக்கலாமா என்று ஒரு கேள்வி வந்தது. தொம்மை உபதேசியார் ஒரு நாள் முழுக்க யோசித்து, சாமி கழுவின கால், குத்தமில்லை என்று தீர்ப்புச் சொன்னார், சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்கு ரெண்டு குடம் அனுப்பச் சொன்னார். தலைக்குத் தேய்த்தால் சீயக்காய் நுரைத்தது. முருங்கை துளிர்த்தது. லாரித் தண்ணீர்க்காரன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனான். சுகாதார ஆபீசர் ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய், குடிக்க உகந்தது என்று காகிதம் அனுப்பினார். பிஷப் இருக்கிற ஆயர் இல்லத்திலிருந்து ரெண்டு பெரிய சாமியார்கள் வந்து அந்தத் தண்ணீரில் போட்ட காப்பியைக் குடித்து, இதில் ஒன்றும் முடிவாகச் சொல்வதற்கில்லை என்று சொல்லி, இன்னொரு டம்ளர் காப்பி கேட்டார்கள்.

ஆடி பிறந்தபோது யாருக்கும் அது அதிசயமாக இல்லை. "இன்னைக்கு என்னக்கா இவ்வளவு மெதுவா வருது?" என்று குடத்தோடு நிற்கிறவர்கள் சலித்துக்கொண்டார்கள். கால் சட்டிக்குள், கை மடிக்குள், குருசம்மா உட்கார்ந்திருந்தாள். அளத்துப் பக்கமிருந்து வருகிற வெள்ளை வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். குனிந்து குடம் பிடிக்கிற ஒவ்வொருத்தரும் அவள் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள், அந்தத் தொடுகை எதுவும் அவளுக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் சாமியார் அவளைப் பிரசங்கத்தில் எடுத்துக்கொண்டார். எல்லாரும் வெறுத்து ஒதுக்கிய இடத்தில், அதுவும் தன் பிள்ளைக்கு நேர்ந்தது நேர்ந்திருக்க, ஒரு ஏழைத்தாய் தானாகப் போய் உட்கார்ந்தாளே, அந்தத் தாழ்மைக்குத்தான் கடவுள் ஊருக்கே தண்ணீர் கொடுத்தார் என்று சொல்வார். ஜனங்கள் திரும்பி அவளைப் பார்ப்பார்கள். குருசம்மா தரையைப் பார்ப்பாள். முதலில் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. போகப் போக, அந்தப் பேச்சு வருகிற நேரத்தில் முந்தானையை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள், அது வெட்கம் என்று கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு மாதம் ஆயிற்று.

அதற்கிடையில் பிலவேந்திரனின் புண் ஆறத் தொடங்கியது. சாயங்காலம் வந்து அவனைப் புரட்டிப் பார்க்கும்போது புண் ஒவ்வொரு வாரமும் சுருங்கியிருந்தது, உள்ளங்கை அகலம் இருந்தது வெற்றிலை அகலமாகி, அப்புறம் கட்டைவிரல் அகலமாகி, ஆவணியில் தோல் மூடி இளஞ்சிவப்பாக ஒரு தழும்பு மட்டும் நின்றது. அவன் உடம்பை அந்தத் தண்ணீரால்தான் துடைக்கிறோம் என்று சவரியாயி சொல்லியிருந்தாள். புதுமை என்றது ஊர், மணி அடித்தார்கள். குருசம்மாவுக்கும் மனசுக்குள் ஒரு ஆசை மெல்லத் தலைதூக்கியது: புண்ணை ஆற்றியவர் கண்ணையும் திறப்பார். ஆசை வந்ததும் கூடவே பயமும் வந்தது. எந்தத் தாழ்மைக்காக இதெல்லாம் நடக்கிறதோ அந்தத் தாழ்மை அவளிடம் இல்லையே, அன்றைக்கு அவள் போய் உட்கார்ந்தது வேறு எதற்கோவல்லவா? ஆள் மாறிக் கொடுத்தது தெரிந்தால் கடவுள் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டாரா? ராத்திரி பகல் அவளை அது அரித்தது. கடைசியில், அவர் கண்டுபிடித்துப் பிள்ளையை எடுக்குமுன் நாமே சொல்லிவிடுவது மேல் என்று முடிவு செய்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து அறிவிப்பு வாசிக்கிற நேரத்தில் எழுந்து நின்றாள். காலடியில் தண்ணீர் சொட்டியது.

"நான் தாழ்மையில உக்காரல" என்றாள். "இஞ்ஞாசி காலச் சாமி தொடக்கூடாதுன்னு உக்காந்தேன். வன்மத்துல உக்காந்தேன். அவன் அன்னைக்குக் குடிக்கவும் இல்ல. எங்கிட்ட மோர் வாங்கிக் குடிச்சிட்டுத்தான் போனான், நான் தெரிஞ்சே சொல்லல. அந்த நாற்காலி எனக்குப் பொருத்தமான நாற்காலிதான். எல்லாரும் தெரிஞ்சுக்கிடுங்க."

முன்வரிசையில் ஒரு பொம்பளை முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "கேட்டியளா, அவன் மேல உள்ள பழியக்கூடத் தன் தலையில போட்டுக்கிடுதா!" என்றாள். "எப்பேர்ப்பட்ட தாழ்மை!" என்றார் உபதேசியார். "அக்கா, இப்படி உங்களத் தாழ்த்திக்கிடாதீங்க, எங்களால தாங்க முடியல" என்று ஒருத்தர் கைகூப்பினார். சாமியாருக்கு இந்தத் தடவையும் கண் கலங்கியது. குருசம்மா ரெண்டு தடவை வாயைத் திறந்து, "நெசமாத்தான் சொல்லுதேன்" என்றாள். நிஜமென்று சொல்லச் சொல்ல அவர்கள் இன்னும் அதிகமாக அழுதார்கள். அவள் கோயிலை விட்டு வெளியே நடந்தாள்.

முகப்பில் சட்டியை வைத்துக்கொண்டு வடக்குத் தெரு முறைக்காரர்கள் காத்திருந்தார்கள். அவள் நாற்காலியைத் தாண்டி நேரே தெருவில் இறங்கினாள். "யக்கா, எங்க போறிய? எங்க முறைல்லா?" என்று குடங்களோடு கொஞ்ச தூரம் பின்னாலேயே வந்தார்கள், அவள் திரும்பவில்லை. வெயிலில் காய்ந்து கிடந்த தெருவில் அவள் காலடிகள் ஈரமாக விழுந்துகொண்டே போயின.

வீட்டுக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே கட்டிலில் இஞ்ஞாசி உட்கார்ந்திருந்தான். பிலவேந்திரனை ஒருச்சாய்த்து, அவன் நெஞ்சு தன் நெஞ்சில் சாய்ந்திருக்க, ஒரு கையால் அவன் தலையைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் முதுகை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். பிள்ளையின் முகம் அன்று காலையில்தான் மழித்த மாதிரி இருந்தது. அடுப்படியிலிருந்து வந்த சவரியாயி குருசம்மாவைக் கண்டதும் கையிலிருந்த கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"நான்தான்க்கா வரச் சொன்னேன்" என்றாள். "ஆம்பளப் பிள்ளையில்லா, என்னால ஒத்தையில பொரட்ட முடியல. புண்ணு வாட வந்துட்டு. கேட்டா நீ சம்மதிக்க மாட்டன்னு தெரியும். நீ கோயிலுக்குப் போனதும் இவன் வந்துருவான், நீ வாரதுக்கு முன்ன போயிருவான். ரெண்டு மணிக்கொரு தடவ இவன்தான் பொரட்டுதான். தண்ணி ஒண்ணும் செய்யலக்கா. எல்லாம் இவன் கைதான். உன்கிட்ட தண்ணின்னு பொய் சொல்லிட்டேன்."

"எத்தன நாளா?" என்று கேட்டாள் குருசம்மா.

"ஈஸ்டர் கழிஞ்சு ரெண்டாவது திங்கள்லருந்து" என்றான் இஞ்ஞாசி. அவன் எழுந்திருக்கவில்லை, எழுந்தால் பிள்ளை சரிந்துவிடுவான்.

லாரியும் போய், கிளாஸும் போய், இந்த நாலரை மாதமும் அவன் இங்கேதான் இருந்திருக்கிறான். அவள் கோயில் முகப்பில் உட்கார்ந்து, புண்ணை ஆற்றுகிறவருக்குப் பயந்துகொண்டிருந்த நேரமெல்லாம், யாரும் நுழையக்கூடாதென்று அவள் முன்பு பூட்டிய கதவுக்கு உள்ளே. இறங்கிப் போ என்று சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. பழைய வன்மத்தைத் தேடிப் பார்த்தாள், கைக்கு வரவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்றும் வரவில்லை.

"கோயில்ல சொல்லிட்டு வாரேன்" என்றாள். "நீ குடிக்கலன்னு. நான் எதுக்கு உக்காந்தேன்னு. ஒருத்தரும் நம்பல."

"நான் நம்புதேன்க்கா" என்றான் இஞ்ஞாசி. "நீங்க எந்திரிச்சு வரும்போது உங்க மூஞ்சிய நேருக்கு நேரா பாத்தவன் நான் ஒருத்தன்தான்."

துணியைப் பிழிந்தான். குனிந்தபடியே சொன்னான்: "அது எந்த நாற்காலின்னு தெரிஞ்சுதான்க்கா அன்னைக்கு வந்தேன். பதினாலு மாசமா என்னைய ஒரு மனுசரும் தொட்டதில்ல. சாமி எப்படியும் தொட்டுத்தான ஆகணும்னு நெனச்சு, வேட்டியத் தொவச்சுக் கட்டிட்டு வந்தேன்."

குருசம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். மகனின் தழும்பைப் பார்த்தாள், அதைச் சுற்றியிருந்த நல்ல தோலைப் பார்த்தாள், மூடியிருந்த கண்களைப் பார்த்தாள். அவன் கண்ணத் தொறக்க வையி என்ற அந்தப் பழைய ஜெபம் பழக்கத்தில் வாய்வரை வந்தது. சொல்லவில்லை. தொறக்கிறதும் தொறக்காததும் உம் பாடு, நான் இனிக் கேக்கல, எம்பிள்ளைய எப்படிப் பாக்கணும்னு உமக்குத் தெரிஞ்சிருக்கு, எனக்குத்தான் தெரியல என்று மனசுக்குள் கடவுளிடம் சொன்னாள். சொன்னதும் ஒரு வெளிச்சமும் வரவில்லை, நெஞ்சு இளகவில்லை, பிள்ளையின் இமை அசையவில்லை. சொல்லிவிட்டாள், அவ்வளவுதான்.

அந்த வீட்டுத் தரை கட்டில் பக்கமாகக் கொஞ்சம் சரிவு. அவள் காலிலிருந்து வழிந்த தண்ணீர் தேங்கி, ஒரு கோடாகி, கட்டிலை நோக்கிப் போனது. அது எங்கே போகிறது என்று அவள் பார்த்தாள். ஒரு எட்டுப் பின்னால் வைத்தால் போதும், அது வாசல் பக்கம் திரும்பிவிடும், கால் அதற்குத் தயாராகக்கூட இருந்தது. தண்ணீர் இஞ்ஞாசியின் குதிகாலைத் தொட்டது, விரல்களுக்கு நடுவே புகுந்தது, பாதத்தைச் சுற்றி நிறைந்தது. அவன் குனிந்து பார்த்தான். காலை எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை. அவள் செய்தது அது ஒன்றுதான், எடுக்காமல் நின்றது. இஞ்ஞாசியின் தோள் குலுங்க ஆரம்பித்தது, பிள்ளையைப் பிடித்திருந்த கை மட்டும் அசையாமல் இருந்தது.

வாசலில் வடக்குத் தெருக்காரர்களின் குடங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்கிற சத்தம் கேட்டது. குருசம்மா குனிந்து தரையிலிருந்த கிண்ணத்தை எடுத்து, கஞ்சியில் விரலை வைத்துச் சூடு பார்த்தாள்.

"ஊத்துற பதத்துக்கு ஆறிட்டு" என்றாள் இஞ்ஞாசியிடம். "அவன் தலையக் கொஞ்சம் ஒசத்திப் பிடி."

இஞ்ஞாசி உயர்த்திப் பிடித்தான்.